அப்பா ஞானஸ்நானம் பெறாமலே போய்விட்டார்

கேள்வி: ஐயா, நான் கல்லூரியில் படிக்கும்போது இயேசுவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் பெற்றவள். என் பெற்றோர் கிறிஸ்தவர்கள் இல்லை. அப்பா முதலில் ரொம்பக் கோபப்பட்டார். கொஞ்ச காலம் என்னோடு பேசவே இல்லை. அப்புறம் அவரே ஞாயிறுதோறும் என்னை வண்டியில் சபை வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். உள்ளே வந்ததில்லை. சுவிசேஷம் சொன்னால், "உனக்கு அது நல்லது செய்யுது, எனக்குச் சந்தோஷம்மா" என்று பேச்சை முடித்துவிடுவார். இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். "நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்" என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் ஜெபித்தேன். ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "நீ இன்னும் உறுதியாகச் சொல்லியிருக்கணும், இல்லாட்டி இரத்தப்பழி நம்ம மேலதான்" என்கிறார். பாஸ்டரிடம் கேட்டதற்கு, "வேதம் அதற்கு இடம் கொடுக்கலையே, மகளே" என்று வருத்தத்தோடு சொன்னார். அப்பா நரகத்தில்தான் இருக்கிறாரா? அவருக்காக இப்போது ஜெபிக்கலாமா? அம்மாவையும் இப்படிப் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே வருகிறேன். உங்கள் அப்பா நரகத்தில் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. உங்கள் பாஸ்டருக்கும் தெரியாது. ஜெபக்குழு அக்காவுக்கு நிச்சயமாகத் தெரியாது. நழுவுகிற பதில் மாதிரி இருக்கிறதா? சபை வரலாறு சொல்லிக்கொடுப்பதே என் வேலை என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரக்கணக்கானவர்களைப் பெயர் சொல்லிப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைப் பற்றியும் அறிவித்ததில்லை, யூதாசைப் பற்றிக்கூட இல்லை. புரொட்டஸ்டண்ட் விசுவாச அறிக்கைகளில் கடுமையானவைகூட, எப்படிப்பட்டவர்களுக்கு இரட்சிப்பு இல்லை என்று பொதுவாகப் பேசுமே தவிர, ஆளைச் சுட்டித் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆகவே "உன் அப்பா அழிந்துபோனார்" என்று ஒருவர் சொன்னால், அவர் தன் சபை சொல்வதைவிட ஒரு படி அதிகமாகச் சொல்கிறார்.

அடுத்து அந்த இரத்தப்பழி. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று நினைக்கிறேன். அந்த வார்த்தை எசேக்கியேல் 3, 33 அதிகாரங்களில் வருகிறது. இஸ்ரவேல் வீட்டாருக்குக் காவல்காரனாக வைக்கப்பட்ட ஒரு தீர்க்கதரிசிக்குச் சொல்லப்பட்டது அது. ஒரு மகள் தன் தகப்பனிடம் எத்தனை தடவை, எவ்வளவு அழுத்திச் சொன்னாள் என்று கணக்குப் பார்க்க எழுதப்பட்டது இல்லை. சரி, அதை உங்களுக்கே சொன்னதாக வைத்துக்கொண்டாலும், காவல்காரனின் வேலை எக்காளம் ஊதுவதோடு முடிகிறது. கேட்டவன் என்ன செய்தான் என்பது அவன் கணக்கில் ஏறாது என்று அதே 33ஆம் அதிகாரம் சொல்கிறது. நீங்கள் சொன்னீர்கள், அப்பா கேட்டார், பதிலும் சொன்னார். அதற்குமேல் ஒரு தகப்பனை மடக்கிப் பிடித்து உலுக்கச் சொல்லி வேதத்தில் எங்கேயும் இல்லை.

நீங்கள் பிடித்துக்கொண்ட வசனத்தையும் (அப்போஸ்தலர் 16:31) பார்த்துவிடலாம். பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனிடம், அந்த ராத்திரியில், பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்து அவன் தற்கொலைக்கே போன நேரத்தில் சொன்ன வார்த்தை அது. அடுத்த வசனத்திலேயே அவன் வீட்டார் எல்லாருக்கும் உட்கார்ந்து போதிக்கிறார்கள். வீட்டில் ஒருவர் விசுவாசித்தால் மற்றவர்கள் தானாக உள்ளே வந்துவிடுவார்கள் என்ற உத்தரவாதமாக அதைப் பவுலே எடுத்துக்கொள்ளவில்லை. கொரிந்தியருக்கு அவர் எழுதியதைப் பாருங்கள்: "மனைவியானவளே, நீ உன் புருஷனை இரட்சிப்பாயோ இல்லையோ உனக்கு எப்படித் தெரியும்?" ஆகவே தேவன் வாக்கு மாறிவிட்டாரா, என் ஜெபத்தில் குறையா என்று இரண்டு பக்கமும் உங்களை நீங்களே அடித்துக்கொள்ள வேண்டாம். குடும்ப ஜெபத்துக்கு இந்த வசனத்தைத் தூக்கிக் கொடுப்பவர்கள், வீட்டில் ஒரு சாவு விழும்போது அதற்குப் பின்னால் என்ன ஆகும் என்று யோசிப்பதே இல்லை. அது எனக்கு ஆற்றாமைதான்.

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். கிறிஸ்தவரல்லாத ஒருவருக்கு இரட்சிப்பு உண்டா?

உங்கள் பாஸ்டர் எங்கே நிற்கிறார் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்று யோவான் 14:6. அவருடைய நாமமேயல்லாமல் வேறொரு நாமம் கட்டளையிடப்படவில்லை என்று அப்போஸ்தலர் 4:12. கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள் என்று ரோமர் 10. இவை ஓரத்தில் கிடக்கிற வசனங்கள் இல்லை. இந்தக் கேள்வியில் இளகிய பக்கம் நிற்பவர்கள் எல்லாரும் எடுத்துக்காட்டும் கொர்நேலியு என்ற ரோமப் படை அதிகாரியின் கதையைக்கூட (அப்போஸ்தலர் 10), கண்டிப்பான பக்கம் வேறு மாதிரி வாசிக்கிறது. அவன் தேவபக்தி உள்ளவன், தருமம் செய்தவன், ஜெபம் செய்தவன். இருந்தும் தேவதூதன் "நீ இப்படியே இருந்தால் போதும்" என்று சொல்லவில்லை. பேதுருவை வரவழைக்கச் சொன்னான். அவனும் வீட்டாரும் இரட்சிக்கப்படுவதற்கேதுவான வார்த்தைகளைப் பேதுரு சொல்லுவான் என்று அப்போஸ்தலர் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆகவே உங்கள் பாஸ்டர் வேதத்தைத் திரித்துச் சொல்லவில்லை. வருத்தத்தோடு சொன்னார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வருத்தத்துக்காக அவரை மதிக்கிறேன்.

ஆனால் ஆபிரகாமை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இயேசு என்ற பெயரைக் கேட்டதில்லை, ஞானஸ்நானம் பெற்றதில்லை. அவர் இரட்சிக்கப்பட்டவரா என்று எந்தச் சபையில் கேட்டாலும் சிரிப்பார்கள். யோபு இஸ்ரவேலனே இல்லை, ஊத்ஸ் தேசத்தான். மெல்கிசேதேக்கு எங்கிருந்து வந்தார், யாருடைய மகன், ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஆபிரகாமையே ஆசீர்வதித்தார். ராகாப் எரிகோவின் வேசி. எபிரெயர் 11இல் விசுவாச வீரர்களின் வரிசையில் அவளும் நிற்கிறாள். இவர்கள் எல்லாரும் கிறிஸ்துவினாலே இரட்சிக்கப்பட்டவர்கள் என்றுதான் மிகக் கண்டிப்பான இறையியலும் சொல்கிறது. அப்புறம் பிறந்த சில நாளில் இறந்துபோகும் குழந்தைகள், எதையும் புரிந்துகொள்ள முடியாத மனவளர்ச்சிக் குறைவோடு வாழ்ந்தவர்கள். அவர்களைக் கர்த்தர் ஏற்றுக்கொள்வார் என்று உங்கள் பாஸ்டரே சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருப்பார்.

அப்படியானால் "இயேசுவால் மட்டுமே இரட்சிப்பு" என்பதும், "இயேசுவின் பெயரை அறிந்து அறிக்கையிட்டவருக்கு மட்டுமே இரட்சிப்பு" என்பதும் ஒன்றில்லை. முதலாவதை விட்டுக்கொடுத்தால் கிறிஸ்தவ விசுவாசத்தில் மிச்சம் அதிகம் இருக்காது. இரண்டாவதற்கு விதிவிலக்கு உண்டு என்று எல்லாருமே ஏதோ ஓர் இடத்தில் ஒத்துக்கொள்கிறார்கள். அந்த விலக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதில்தான் 2000 ஆண்டுச் சண்டை.

சண்டை ஆரம்பத்திலேயே தொடங்கிவிட்டது. இரண்டாம் நூற்றாண்டில் இரத்தசாட்சியாக இறந்த ஜஸ்டின், எல்லாருக்குள்ளும் விதைக்கப்பட்ட தேவ வார்த்தையின்படி வாழ்ந்த சாக்ரடீஸ் போன்றவர்களும் கிறிஸ்தவர்களே என்று துணிந்து எழுதினார். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் பேராயர் சிப்ரியான், சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை என்றார். இந்த வாக்கியத்தை இன்றைக்கும் மற்ற மதத்தாரை நோக்கி வீசுகிறார்கள். சிப்ரியான் அதைச் சொன்னது சபையைப் பிளந்துகொண்டு போன கிறிஸ்தவர்களைப் பற்றிய தகராறில். ஆனால் வாக்கியம் அவர் கையை விட்டுப் போய்விட்டது. 1442இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ஃபுளோரன்ஸ் பொதுச்சங்கம் புறமதத்தார், யூதர், பிரிந்துபோன கிறிஸ்தவர் எல்லாருக்கும் நித்திய அக்கினிதான் என்று எழுதி வைத்தது. உலகம் முழுக்கச் சுவிசேஷம் போய்ச் சேர்ந்துவிட்டது, இன்னும் வெளியே நிற்பவன் வேண்டுமென்றே நிற்கிறான் என்ற நினைப்பு அந்தக் கடுமைக்குப் பின்னால் இருந்தது. சரியாக 50 வருடத்தில் கொலம்பஸ் கப்பல் ஏறினார். சுவிசேஷத்தின் வாடையே படாத ஒரு பெரிய நிலப்பரப்பு முழுக்க மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருந்தது தெரிந்ததும், இறையியலாளர்கள் மறுபடி பேனாவை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று உங்களுக்கு மிகவும் நெருக்கமாக இருக்கும். கத்தோலிக்க மிஷனரி பிரான்சிஸ் சவேரியார் 1549இல் ஜப்பானுக்குப் போனார். 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவில் இருந்த தம் தோழர்களுக்கு அந்த அனுபவத்தை எழுதினார். அங்கே புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் இறந்துபோன பெற்றோரையும் பிள்ளைகளையும் நினைத்து அழுகிறார்கள். தானம் கொடுத்தால், ஜெபித்தால் அவர்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். ஒன்றும் செய்ய முடியாது என்று இவர் சொல்கிறார். தேவனால் ஏன் அவர்களை நரகத்திலிருந்து வெளியே எடுக்க முடியாது என்று திரும்பக் கேட்கிறார்கள். அதற்கும் பதில் சொல்கிறார். அழுகை நிற்கவில்லை. இவ்வளவு பிரியமான நண்பர்கள் பரிகாரமில்லாத ஒன்றுக்காக அழுவதைப் பார்க்கத் தமக்கும் துக்கமாக இருக்கிறது என்று எழுதுகிறார்.

அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இவ்வளவு காலம் எங்களுக்குத் தம்மை அறிவிக்காத தேவன் எப்படி நல்லவராக இருக்க முடியும் என்று ஜப்பானியர் கேட்டார்கள். சவேரியார், யாரும் இல்லாத மலையில் வளர்ந்த ஒருவனைக் கேட்டாலும் கொலையும் திருட்டும் தப்பு என்று சொல்வான், தேவன் தம் பிரமாணத்தை ஒவ்வொரு இருதயத்திலும் எழுதியிருக்கிறார் என்றார். ரோமர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் சொன்னதுதான். பார்த்தீர்களா? ஒரு கேள்விக்குக் கதவைச் சாத்துகிறார், அடுத்த கேள்விக்கு அதே கதவைக் கொஞ்சம் திறக்கிறார். பிரமாணம் இருதயத்தில் எழுதப்பட்டிருந்தால், அதை எழுதியவர் அங்கே வேறொன்றும் செய்யவில்லையா? அதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை யோசித்திருந்தார்: காட்டில் வளர்ந்தாலும், மனசாட்சிப்படி நன்மையைத் தேடுகிற ஒருவனுக்குத் தேவன் உள்ளுக்குள் வெளிப்படுத்துவார், இல்லையென்றால் கொர்நேலியுவுக்குப் பேதுருவை அனுப்பியதுபோல ஒருவரை அனுப்புவார் என்று.

அதற்குப் பிறகு கத்தோலிக்கப் போதனை போன வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தம் குற்றமில்லாமல் அறியாதிருக்கிறவர்களைப் பற்றிப் பாப்பரசர் 9ஆம் பத்திநாதர் 1854இலும் 1863இலும் பேசினார். 1940களில் பாஸ்டனில் லெனார்ட் ஃபீனி என்ற குரு, கத்தோலிக்கராக இல்லாத யாருக்கும் மீட்பு இல்லை என்று அடித்துப் பேசினார். 1949இல் ரோமாபுரியே அந்த விளக்கம் தவறு என்று கடிதம் எழுதியது. விசாரணைக்கு வர மறுத்த அவரைத்தான் 1953இல் சபையை விட்டு விலக்கினார்கள். சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்றவரே சபைக்கு வெளியே நின்றதை என் மாணவர்கள் ஒருபோதும் மறப்பதில்லை. (1972இல் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.) இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் இதைத் தெளிவாகவே எழுதியது: தன் குற்றமின்றிக் கிறிஸ்துவின் சுவிசேஷத்தை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, அருளின் தூண்டுதலால் மனசாட்சி காட்டும் அவருடைய சித்தத்தைச் செய்ய முயல்கிறவர்கள் நித்திய மீட்பை அடையக்கூடும். "அடையக்கூடும்" என்றுதான் இருக்கிறது, "அடைவார்கள்" என்று இல்லை. அப்போதும் மீட்பவர் கிறிஸ்துதான்.

நீங்கள் புரொட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர் என்று ஊகிக்கிறேன், நானும் அப்படித்தான். நம் பக்கம் ஒரே குரலில் இறுக்கமாக இருந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை. 1640களின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, கிறிஸ்தவ விசுவாசத்தை அறிக்கையிடாதவர்கள் எவ்வளவு ஒழுக்கமாக வாழ்ந்தாலும் இரட்சிக்கப்பட முடியாது என்கிறது. ஆனால் அதற்கு நூறு வருடம் முன்பே சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தவாதி ஸ்விங்லி, பிரெஞ்சு ராஜாவுக்கு எழுதியதில், பரலோகத்தில் ஆதாம், ஆபிரகாமோடு சாக்ரடீஸையும் பார்ப்பீர்கள் என்றார். ஜெர்மனியின் சீர்திருத்தவாதி லூத்தருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஸ்விங்லி புறமதத்தானாகவே ஆகிவிட்டான் என்று திட்டினார். மெதடிஸ்டுகளின் ஜான் வெஸ்லி 1790இல், தம் கடைசிக் காலத்தில், கிறிஸ்தவரல்லாத உலகம் முழுவதையும் நரகத்துக்குத் தீர்க்க வேதவசனத்தில் தமக்கு அதிகாரம் இல்லை, உயிரோடு இருக்கும் வேறு எவருக்கும் அந்த உரிமை இருப்பதாகத் தெரியவில்லை, அவர்களைப் படைத்தவரிடமே விட்டுவிடுவது நல்லது என்று எழுதினார். தெருத்தெருவாக, வயல்வெளியில் நின்று சுவிசேஷம் சொன்னவர் அவர்.

உங்கள் பாஸ்டர் அநேகமாக மதிக்கக்கூடிய ஒருவரையும் சொல்கிறேன். 1974இல் சுவிட்சர்லாந்தின் லொசானில் கூடிய சுவிசேஷகர்களின் மாநாட்டு உடன்படிக்கை, இயற்கையின் மூலம் எல்லாருக்கும் தேவனைப் பற்றிக் கொஞ்சம் அறிவு உண்டு, ஆனால் அது இரட்சிக்காது என்றது. அதை எழுதிய குழுவின் தலைவர் இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட். அவரே 1988இல், சுவிசேஷத்தைக் கேளாதவர்களின் முடிவைப் பற்றி நமக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்வதே கிறிஸ்தவனுக்கு அழகு என்றும், மனுக்குலத்தில் பெரும்பான்மையோர் இரட்சிக்கப்படுவார்கள் என்ற நம்பிக்கையைத் தாம் மனதில் வைத்திருப்பதாகவும் எழுதினார். உங்கள் பாஸ்டரோடு பேச உட்காரும்போது வத்திக்கானிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், ஸ்டாட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லா மதமும் ஒரே மலைக்குப் போகும் பாதைகள்தான், இதில் என்ன கேள்வி என்பார்கள். மதத் தத்துவ அறிஞர் ஜான் ஹிக் போன்றவர்கள் 1970களிலிருந்து இதைத் தத்துவமாகவே கட்டினார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு இது இதமாக இருக்கும். என்னால் ஏற்க முடியவில்லை. கிறிஸ்து தேவையில்லை என்றாகிவிடுகிறது என்பது ஒரு காரணம். உங்கள் அப்பாவின் விசுவாசத்தையும் அது மதிப்பதில்லை என்பது இன்னொன்று. அவர் உண்மை என்று நம்பியதையும், நீங்கள் உண்மை என்று நம்புவதையும், இரண்டும் அறியமுடியாத ஏதோ ஒன்றின் நிழல் என்று மூன்றாவது ஆள் மேலே நின்று சொல்கிறார். கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் வேறு மாதிரி போனார். அருளுக்குத் தன்னைத் திறந்து வாழ்கிறவர், தானே அறியாமல், பெயரில்லாக் கிறிஸ்தவர் என்றார். அவரிடம் நிஷிதானி என்ற ஜப்பானியத் தத்துவ அறிஞர், நான் உங்களைப் பெயரில்லா ஜென் பௌத்தர் என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். தாராளமாகச் சொல்லுங்கள், அது எனக்குக் கௌரவம் என்றார் ரானர். பெருந்தன்மைதான். ஆனாலும் உங்கள் அப்பாவுக்கு அவர் கேட்காத பட்டத்தை அவர் போன பிறகு சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி சுவிசேஷத்தைக் கேளாதவர்களைப் பற்றி. நீங்கள் கேட்கப்போகும் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்: "என் அப்பா கேட்டாரே, கேட்டும் ஏற்கவில்லையே?" இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன்.

ஒரு பழைய கதை உண்டு. நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம், ஏறக்குறைய 100 வருடம் கழித்துத்தான் எழுதி வைத்தார்கள். இன்றைய நெதர்லாந்துக் கடற்கரைப் பக்கம் வாழ்ந்த ஃபிரீசியர்களின் ராஜா ராட்போட் (719இல் இறந்தவர்) ஞானஸ்நானம் பெறத் தொட்டியில் ஒரு காலை வைத்துவிட்டார். அப்போது, என் முன்னோர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். நரகத்தில் என்றார் மிஷனரி. ராஜா காலை வெளியே எடுத்துவிட்டார். சொற்பப் பேரோடு பரலோகத்தில் இருப்பதைவிட என் முன்னோரோடு இருக்கிறேன் என்றாராம்.

அந்த ராஜா மறுத்தது எதை? கிறிஸ்துவையா, தன் தாய் தகப்பனை நரகத்தில் விட்டுவிட்டு வா என்ற நிபந்தனையையா? மனிதர் கேட்ட கேள்விக்கு மிஷனரிக்குத் தெரியாத பதிலைத் தெரிந்ததுபோலச் சொன்னதில்தான் கோளாறு.

உங்கள் அப்பாவின் காதில் சுவிசேஷம் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் அது ஒரு செய்தியாக வரவில்லை. மகள் தன்னை விட்டுப் போகிறாள் என்ற பயமாக வந்தது. அவர் பேசாமல் இருந்த அந்தக் காலம் அதுதான். அந்தப் பயம் தெளிந்ததும் அவர் என்ன செய்தார்? நீங்கள் போவதைத் தடுக்கவில்லை, அவரே கொண்டுபோய் விட்டார். "உனக்கு நல்லது செய்யுது, எனக்குச் சந்தோஷம்" என்றார். கிறிஸ்து உங்களிடத்தில் செய்ததைக் கண்டார், அதை நல்லது என்று சொன்னார். இதை விசுவாச அறிக்கை என்று நான் இழுத்துப் பிடித்து வாதாட மாட்டேன். ஆனால் இதை மறுதலிப்பு என்று எழுதவும் எனக்குக் கை வராது. ஒருவருடைய அறியாமை எங்கே முடிகிறது, வேண்டுமென்ற மறுப்பு எங்கே தொடங்குகிறது என்று எல்லை போட யாரால் முடியும் என்று 1854இலேயே 9ஆம் பத்திநாதர் கேட்டார். பிறந்த இனம், வளர்ந்த இடம், மனதின் போக்கு என்று எத்தனையோ அதில் கலந்திருக்கிறது என்றார். தாராளவாதி என்று யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அப்புறம் மாரடைப்பு. அந்தக் கடைசி நிமிடங்களில் அவருக்கும் தேவனுக்கும் நடுவே என்ன நடந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஒரு வாக்கியம்தான் தேவைப்பட்டது. விசுவாசமில்லாமல் இறந்தவருக்கு இரட்சிப்பு உண்டா என்று லூத்தரிடமே 1522இல் கேட்டார்கள். விசுவாசமில்லாமல் இரட்சிப்பு இல்லை என்பதில் அவர் அசையவில்லை. ஆனால் சாகும் நேரத்திலோ செத்த பிறகோ தேவன் ஒருவருக்கு விசுவாசத்தைக் கொடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி, அவரால் முடியும் என்பதை யார் சந்தேகிப்பார்கள், ஆனால் அப்படிச் செய்கிறார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்றார். நானும் அங்கேதான் நிற்கிறேன். நிரூபிக்க முடியாது. நம்பிக்கையோடு இருக்கலாம். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் தேவனிடமே கேட்டார், அதுவும் சோதோம்காரர்களுக்காக. உங்கள் அப்பாவுக்காக நீங்கள் அதைக் கேட்கலாம்.

சில பேர் உடனே, அப்படியானால் சுவிசேஷம் எதற்கு என்பார்கள். நரகத்துக்குப் பயந்தா நீங்கள் இயேசுவிடம் வந்தீர்கள்? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வெஸ்லியின் வாழ்க்கையைப் பார்த்தாலும் தெரியவில்லை.

ஜெபிக்கலாமா என்று கேட்டீர்கள். ஜெபியுங்கள். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதை நிறுத்தியதே இல்லை. கத்தோலிக்கத் திருப்பலியின் நான்காம் நற்கருணை மன்றாட்டு, தங்கள் விசுவாசத்தைக் கடவுள் ஒருவரே அறிந்திருக்க இறந்துபோனவர்களையும் நினைவுகூர்கிறது. ஆர்த்தடாக்ஸ் சபையில் பெந்தெகொஸ்தே நாள் மாலை முழங்காலில் நின்று, பாதாளத்தில் அடைபட்டவர்களுக்காகவே வேண்டுகிறார்கள். நம் பக்கம் இதற்குத் தயக்கம் உண்டு. செத்தவர்களுக்கான பூசை ஒரு காலத்தில் காசு பார்க்கும் வியாபாரமானதுதான் அந்தத் தயக்கத்துக்குக் காரணம். அதை எதிர்த்து நின்ற லூத்தரே 1528இல், அன்புள்ள தேவனே, இந்த ஆத்துமா இரக்கம் பெறக்கூடிய நிலையில் இருந்தால் அதற்கு இரங்கும் என்று ஜெபிப்பது பாவமில்லை, ஓரிரு தடவை அப்படி ஜெபித்தபின் தேவனிடம் விட்டுவிடலாம் என்று எழுதினார். அந்த ஜெபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிரு தடவையோடு நிறுத்த முடியாவிட்டால் பரவாயில்லை. லூத்தருக்கும் தகப்பனார் இறந்தபோது, சங்கீதப் புத்தகத்தோடு அறைக்குள் போய் அழ வேண்டியிருந்தது.

பாஸ்டரிடம் மறுபடி போங்கள். "ஐயா, நீங்கள் சொன்னது போதனையா, என் அப்பாவைப் பற்றிய தீர்ப்பா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நேர்மையானவராகத் தெரிகிறார், வித்தியாசத்தை ஒத்துக்கொள்வார் என்றே எதிர்பார்க்கிறேன். அந்த அக்காவிடம் வாதாட வேண்டாம். "இரத்தப்பழி பற்றி என்னிடம் இனிமேல் பேசாதீங்க அக்கா" என்று ஒரு வரி போதும். பேச்சு மறுபடி எழுந்தால், கொஞ்ச நாளைக்கு அந்தக் குழுவுக்குப் போகாமல் இருங்கள்.

கடைசியாக அம்மா. அவர் கணவரை இழந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இந்த நேரத்தில் உங்கள் பயத்தை அவர்மேல் இறக்காதீர்கள். "அப்பாதான் போய்விட்டார், நீங்களாவது" என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியமும் வாயிலிருந்து வரவேண்டாம். ராட்போட் ராஜாவுக்குச் சொன்ன அதே பதில்தான் அது, கொஞ்சம் மென்மையாக. அவிசுவாசிகளான கணவர்களுக்குப் போதனையின்றி நடக்கையே சாட்சி என்று பேதுரு மனைவிகளுக்கு எழுதினார். மகள்களுக்கும் அது பொருந்தும். அம்மாவோடு இருங்கள், அவர் அப்பாவைப் பற்றிப் பேசுவதைக் கேளுங்கள், உங்கள் விசுவாசத்தை மறைக்கவும் வேண்டாம். அவராகக் கேட்டால் சொல்லுங்கள்.

என்றைக்காவது ஒருநாள், "உங்க சபையில அப்பா எங்கே இருக்கார்னு சொல்றாங்க?" என்று கேட்பார். அதற்குப் பதிலை இப்போதே யோசித்து வையுங்கள். நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "அது எங்களில் யாருக்கும் தெரியாதும்மா. நான் நம்புகிற இயேசுவின் கையில் அப்பாவை விட்டிருக்கேன். தினமும் அவருக்காக ஜெபிக்கிறேன்." அதற்குமேல் அவர் ஏதாவது கேட்டால் இந்தப் பதிலையே வாசிக்கக் கொடுங்கள். அவருக்கு எழுத வேண்டும் என்று தோன்றினால், எனக்கு அவரே எழுதட்டும்.